கூழ்ப் போட்டிக்கு மேடை எதுக்கு?

போன வாரம் மெட்ராஸ்லேருந்து ஒருத்தர் போன் பண்ணார். எங்க ஊர் கூழ்ப் போட்டியைப் பத்தி யார் மூலமாவோ கேள்விப்பட்டிருக்கார். "ஐயா, பந்தல், மைக் செட், பரிசு எல்லாம் நாங்க பார்த்துக்குறோம். ஒவ்வொரு பானை பக்கத்துலயும் செஞ்சவங்க பேரு, போட்டோ வச்சுடலாம். வீடியோ எடுத்துப் போட்டா எங்கேயோ போயிடும்"னார். நல்ல மனசோடதான் பேசினார், குத்தம் சொல்ல முடியாது. யோசிச்சு சொல்றேங்கன்னு வச்சுட்டேன். யோசிச்சதை இங்கேயே எழுதிடுறேன். ஆடி பொறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு.

என் பதில் வேண்டாம்ங்கிறதுதான். வறட்டுப் பிடிவாதம்னு நெனச்சுடாதீங்க, காரணம் இருக்கு.

டவுன்ல இருக்கறவங்களுக்கு முதல்ல கூழ்னா என்னன்னு ரெண்டு வார்த்தை சொல்லணும். தள்ளுவண்டியில குடிச்சிருப்பீங்க. வீட்டுக் கூழ் வேற. கேவுரு மாவை (உங்களுக்குக் கேழ்வரகு) ராத்திரியே தண்ணி விட்டுக் கரைச்சு மூடி வச்சுடணும். விடிஞ்சு பார்த்தா பொங்கிப் புளிச்சிருக்கும். அரிசி நொய்யைக் கொழைய வேகவச்சு, அதுல இந்தப் புளிச்ச மாவை ஊத்தி, கட்டி தட்டாம கிண்டணும். வெந்துடுச்சான்னு பார்க்க, கையை ஈரம் பண்ணிக்கிட்டுத் தொட்டுப் பார்ப்பாங்க, ஒட்டக்கூடாது. ஆறவச்சு மறுநாள் காலையில மோரு, உப்பு, சின்ன வெங்காயம் போட்டுக் கரைச்சா கூழ். இவ்வளவுதான் சமாச்சாரம். ஆனா நாப்பது வீட்டுல நாப்பது ருசி. எத்தனை மணி நேரம் புளிச்சது, நொய் எவ்வளவு, எந்தப் பானை, எந்தக் கிணத்துத் தண்ணி, எல்லாம் நாக்குல தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி, இந்த ருசியெல்லாம் எங்க அம்மா தலைமுறையோட போயிடுமேன்னு ஒரு போட்டி வச்சோம். முதல் வருஷம் தடபுடல். கோயில் எதிர்ல பந்தல், மூணு பெரிய மனுஷங்க நடுவர், முதல் பரிசு மிக்சி. பானை மேல பேரு எழுதி ஒட்டினோம். என்ன நடந்திருக்கும்னு உங்களுக்கே தெரியும். நடுவருங்க பேரைப் படிச்சுட்டுத்தான் டம்ளரையே கையில எடுத்தாங்க. மிக்சி யாருக்குப் போகணுமோ அங்க போச்சு. ரெண்டு பங்காளி வீட்டுக்குள்ள பேச்சு நின்னு போச்சு. அதைக்கூட விடுங்க. காலனியிலேருந்து ஒரு ஆயா, எழுபது வயசுக்கு மேல இருக்கும், பானையைத் தலையில வச்சுக்கிட்டு நடந்து வந்து வச்சுது. அந்தப் பானையோட மூடியை யாருமே தொறக்கல. பானை வழியாத்தான் சொன்னாங்க, வாயைத் தொறந்து ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. ஆயாவும் ஒண்ணும் சொல்லாம மத்தியானம் பானையைத் திரும்பத் தலையில வச்சுக்கிட்டுப் போயிடுச்சு. நான்தான் போட்டியை நடத்துனவன். பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன். ராத்திரி சோறு இறங்கல.

எங்க அக்கா மகன் அமெரிக்காவுல இருக்கான். கம்ப்யூட்டர் வேலை, பொழுதுபோக்குக்கு வீட்டுல பீர் காய்ச்சுவான். சிரிக்காதீங்க, அங்க அது குத்தம் கிடையாது. 1978-ல ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டத்துல அனுமதி குடுத்தாங்களாம். அப்புறம் மாநிலம் மாநிலமா ஒத்துக்கிட்டு, கடைசியா 2013-ல அலபாமாவும் மிசிசிப்பியும் ஒத்துக்கிச்சு. பெரியவங்க ஒருத்தர் இருக்குற வீட்டுக்கு வருஷத்துக்கு 100 கேலன், ரெண்டு பேர் இருந்தா 200. விக்கக் கூடாது, அவ்வளவுதான். நம்ம ஊர்ல வீட்டுல காய்ச்சுனா போலீஸ் வரும். கள்ளுக்கே 1987-லேருந்து தடை. அது தனிச் சண்டை, இன்னொரு நாள் எழுதுறேன்.

போன்ல அவன்கிட்ட இந்த மிக்சி கதையைப் புலம்பினேன். "மாமா, நாங்க எப்படி நடத்துறோம் கேளு"ன்னான்.

அவங்களுக்குள்ள பத்துப் பதினஞ்சு பேரு. ஒருத்தர் வீட்டுக் கார் ஷெட்டுல போட்டி. வாற்கோதுமையை முளைகட்டிக் காயவச்சு வேகவச்சு, ஹாப்ஸ்னு ஒரு கொடியோட பூவைக் கசப்புக்குப் போட்டு, ஈஸ்ட் விட்டுப் புளிக்க வைக்கிறது. பாட்டில்ல அடைச்சுக் குடிக்கிற பதத்துக்கு வர ஒரு மாசம் ஆகிடும். கேட்டா நம்ம கூழுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரிதான் இருக்கு. தானியம், தண்ணி, புளிப்பு, பொறுமை. பாட்டில் மேல எந்த அடையாளமும் இருக்கக் கூடாது, நம்பர் மட்டும்தான். ஊத்துறவர் வேற, குடிச்சுப் பார்க்குறவர் வேற. மொத்தம் 50 மார்க்கு: வாசனைக்கு 12, பார்வைக்கு 3, ருசிக்கு 20, வாயில இருக்குற பதத்துக்கு 5, மொத்தத்துல எப்படின்னு 10. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஏன்னு எழுதணும். எங்க தப்பு, அடுத்த தடவை என்ன மாத்தலாம்னு எழுதி, செஞ்சவர் கையில மட்டும் குடுப்பாங்க. எவ்வளவு மோசமா இருந்தாலும் 13 மார்க்குக்குக் கீழ போடுறதில்லைன்னு ஒரு வழக்கமாம். மெனக்கெட்டு எடுத்துக்கிட்டு வந்தவனுக்கு மரியாதை அது. எனக்கு அந்த 13 ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அவங்க ஷெட்டுல பரிசு என்னான்னு கேட்டேன். "ஒரு மூட்டை தானியம், அப்புறம் அடுத்த வருஷம் போட்டி நடத்துற வேலை"ன்னான்.

ரெண்டாவது வருஷம் அப்படியே செஞ்சோம், நம்ம ஊருக்குத் தகுந்த மாதிரி. கோயில் எதிர்ல இருந்ததை என் களத்துக்கு மாத்தினேன். பானையைப் பார்த்தாலே யார் வீட்டுதுன்னு தெரிஞ்சிடும்ங்கிறதால, ஒரே அளவு மண்சட்டி இருபத்தஞ்சு வாங்கினேன். மோட்டார் ரூமுக்குப் பின்னால என் வீட்டுக்காரம்மா உக்காந்து, வர்ற கூழை எல்லாம் சட்டியில ஊத்தி சாக்பீஸால நம்பர் போடும். எந்த நம்பர் யாருதுன்னு அதுக்கு மட்டும்தான் தெரியும், எனக்கே தெரியாது. 50 மார்க்குன்னு சொன்னதும் பொம்பளைங்க சிரிச்சுட்டாங்க, "கூழுக்குப் பரீட்சையா"ன்னு. சரின்னு ஆளுக்கு மூணு புளியங்கொட்டை குடுத்தோம். புடிச்ச சட்டிக்கு முன்னால போட வேண்டியதுதான். ஒருத்தருக்கு அஞ்சு சட்டிக்கு மேல கிடையாது, அதுக்கு மேல போனா நாக்கு மரத்துடும். நடுவுல வாய் கொப்பளிக்கத் தண்ணி, ஒரு வாய் பொரி. கருவாடு, மோர் மிளகாய், மாங்காய் எல்லாம் போட்டி முடிஞ்ச அப்புறம்தான். நெத்திலி இருந்தா எந்தக் கூழும் இறங்கிடுமே! ஒன்பதாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு நோட்டுல எல்லார் சொன்னதையும் எழுதிக்கிட்டே வந்துச்சு.

நான் நேர்ல போய்க் கூப்பிட்டப்புறம்தான் அந்த ஆயா வந்துச்சு. ரெண்டு தடவை போனேன். முதல் தடவை "வேலை கெடக்குதுப்பா"ன்னு அனுப்பிடுச்சு.

அன்னைக்குக் காலையில எங்க பெரியவர் ஒருத்தர், எனக்குப் பெரியப்பா முறை, களத்துல என்னைத் தனியாக் கூப்பிட்டு, "யார் வீட்டுக் கூழுன்னு தெரியாம எப்படிரா குடிக்கிறது?"ன்னு கேட்டார். என்ன கேக்குறார்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும். நேரா பதில் சொல்ல எனக்குத் தைரியம் வரல. "அமெரிக்காவுல அப்படித்தான் பெரியப்பா, அதுதான் ரூல்"னு மழுப்பிட்டேன். உள்ளதைச் சொல்றேன், வெக்கமாத்தான் இருக்கு. ஆனா ரூல்னு ஒண்ணு இருந்ததால அவரும் உக்காந்துட்டார்.

அவர் மூணு கொட்டையையும் ஒன்பதாம் நம்பர் சட்டிக்கே போட்டார். நோட்டுல அவர் சொன்னது இப்படி இருக்கு: "இதுதான் கூழு. எங்கம்மா கரைச்ச மாதிரி இருக்கு. உப்பு ஒரு கல்லு கம்மி."

ஒன்பதாம் நம்பருக்கு ரெண்டாவது இடம். பேரைச் சொல்றதா வேண்டாமான்னு என் வீட்டுக்காரம்மா என் மூஞ்சியைப் பார்த்துச்சு. அதுக்குள்ள பின்னாலேருந்து ஆயாவே, "அது என்துதான்"னு சொல்லுச்சு. களம் அமைதியாயிடுச்சு. பெரியப்பா கையில டம்ளர்ல இன்னும் கொஞ்சம் இருந்துச்சு. அதைப் பார்த்தார். குடிச்சு முடிச்சார். "நொய் நல்லா வெந்திருக்கு"ன்னார். துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டார்.

இதனால ஊர் மாறிடுச்சுன்னு கதை விட மாட்டேன். தேர் இன்னும் அந்தத் தெருவுக்குள்ள போகல. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிறதுல இன்னும் அதே கணக்குதான். ஆனா அடுத்த வருஷமும் பெரியப்பா வந்தார், நம்பர் பார்த்துக் குடிச்சார், ரூலைப் பத்தி ஒண்ணும் கேக்கல. காலனியிலேருந்து ஏழு சட்டி வந்துச்சு. முதல் வருஷம் பேச்சை நிறுத்துன பங்காளிங்க ரெண்டு பேரும் ஒரே வரிசையில உக்காந்து, யாரோடதுன்னு தெரியாம ஒருத்தர் கூழை ஒருத்தர் குடிச்சாங்க. பொண்ணுங்க நாலு பேர் ஆயாவைச் சுத்தி உக்காந்து பக்குவம் கேட்டாங்க. முதல் நாள் கரைச்ச மாவுல ஒரு கரண்டி மிச்சம் வச்சு, அடுத்த கரைசலோட சேத்துடுமாம். அதான் புளிப்பு ஒரே சீரா வருது. இது எங்க வீட்டுலயும் ஒரு காலத்துல இருந்த பழக்கம்தான். நாங்க மறந்துட்டோம், ஆயா மறக்கல.

இப்ப சொல்லுங்க, பானை பக்கத்துல போட்டோ வச்சா இதுல எது நிக்கும்?

போட்டின்னா முதல் ஆளைக் கண்டுபிடிக்கிறதுக்குன்னு நெனக்கிறோம். எனக்கு அப்படித் தோணல. ஒருத்தர் கைப்பக்குவத்தைப் பத்தி உண்மையைப் பேசுறதுக்கு அது ஒரு சாக்கு. யார் வீட்டுக்குப் போனாலும் "நல்லாருக்கு"ன்னுதானே சொல்றோம். புளிப்பு ஜாஸ்தின்னு யார் மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்க? நம்பரைப் பார்த்துச் சொல்லலாம். கேக்குறவங்களுக்கும் வலிக்காது, நோட்டுல எழுதுனது அவங்களுக்கு மட்டும்தானே தெரியும். பெரிய பரிசு வச்சா அந்த உண்மை ஓடிப்போயிடும், மிக்சிக்கு முன்னால நாக்கு பொய் சொல்லும். எங்க பரிசு இப்ப ஒரு மரக்கா கேவுரு, அடுத்த வருஷம் சட்டி கழுவுற வேலை. யாரும் அடிச்சுக்கல.

என் தம்பி மகன் ஒரு கேள்வி கேட்டான். "வீடியோ வந்தா நம்ம கேவுருக்கு விலை கிடைக்கும்ல, அதைக் கெடுக்குறீங்களே"ன்னு. நியாயமான கேள்வி. நானும் அரை ஏக்கர் கேவுரு போடுறவன்தான், விலை கசக்குமா? அதுக்குத் தனியா ஒரு நாள் வைக்கட்டும். ரோட்டோரம் கடை போட்டு, பேரு, போட்டோ, போன் நம்பர் எல்லாம் வச்சு விக்கட்டும், நானே மூட்டை தூக்கிட்டு வர்றேன். விக்கிறதுக்குப் பேரு வேணும். ருசி பார்க்குறதுக்குப் பேரு இருக்கவே கூடாது. ரெண்டையும் ஒரே பந்தல்ல போட்டா முதல் வருஷம் நடந்ததுதான் திரும்ப நடக்கும்.

நீங்க உங்க அபார்ட்மென்ட்ல ஊறுகாய்க்கோ, ரசத்துக்கோ, தயிருக்கோ இப்படி வச்சுப் பார்க்கலாம். ஒரே மாதிரி பாத்திரம், நம்பர், ஆளுக்கு மூணு கொட்டை, ஒரு நோட்டு. கடைசி இடம் யாருன்னு மட்டும் சொல்லாதீங்க. செலவு ஐநூறு ரூபாய் தாண்டாது.

மெட்ராஸ்காரர் இதைப் படிச்சா, கோவிச்சுக்க வேண்டாம் சார். ஆடி மூணாவது ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு வாங்க. கேமராவை வண்டியிலயே வச்சுட்டு வாங்க. உங்களுக்கும் மூணு புளியங்கொட்டை எடுத்து வச்சிருக்கேன்.