கப்பல் பதிவேட்டில் ஊர் இருக்கிறது, சேரி இல்லை

போன தை மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். தன் பாட்டியின் அம்மா பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று இராணிப்பேட்டைப் பக்கம் வந்தவருக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது. நண்பர் ஒருவர் என்னை அனுப்பிவைத்தார். அந்த அம்மாவின் கையில் ஒரு காகிதம். 1890-இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கூலி ஒப்பந்தத்தில் ஏற்றிச் செல்லப்பட்டவர்களின் கப்பல் பதிவேட்டு நகல். எண், பெயர், தகப்பன் பெயர், வயது 20, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம். இடது முழங்காலில் தழும்பு.

ஊருக்குள் போனதும் ஒரே வரவேற்பு. கோயில் தெருவில் நாற்காலி போட்டார்கள். காபி வந்தது. "நூத்தி முப்பது வருசம் கழிச்சி நம்ம ஊட்டுப் பொண்ணு வந்திருக்குது" என்றார் ஊர்ப் பெரியவர். கும்பாபிஷேகத்துக்கு இன்னும் எவ்வளவு பணம் தேவை என்பதும் பேச்சில் வந்தது. அதற்குள் ஒரு பையன் காகிதத்தை வாங்கி ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்தான். சாதிக் கட்டத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டு பெரியவரின் காதில் ஏதோ சொன்னான்.

பெரியவரின் குரல் கொஞ்சமும் மாறவில்லை. கொடுமையே அதுதான். அதே மரியாதையோடு சொன்னார்: "அப்ப நீங்க காலனிக்குப் போவணும்மா. ரோட்டுக்கு அந்தாண்ட."

காரில் ஏறியதும் அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "காகிதத்தில் இருப்பது இந்த ஊர் பெயர்தானே? பிறகு ஏன் வேறு இடத்துக்குப் போகிறோம்?"

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இன்று வேர் தேடுவது ஒரு பெரிய இயக்கமாகவே மாறிவிட்டது. 1860 நவம்பர் 16-இல் 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் கரை சேர்ந்ததிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் சுமார் 1,52,000 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். மொரீஷியஸுக்குப் போனவர்களின் ஆவணங்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஃபிஜிக்கு 1903 முதல் சென்னையிலிருந்தும் ஆள் ஏற்றினார்கள். இவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது கொத்தாக வருகிறார்கள். தமிழ்நாடு அரசே 'வேர்களைத் தேடி' என்று திட்டம் வைத்து அயலகத் தமிழ் இளைஞர்களை அழைத்து வருகிறது. நல்லது, வரட்டும். ஆனால் எந்தத் தெருவுக்கு?

பதிவேட்டில் 'கிராமம்' என்ற கட்டத்தில் எழுதப்பட்டது வருவாய்த்துறைக் கிராமத்தின் பெயர். ஊருக்கும் சேரிக்கும் சேர்த்து ஒரே பெயர், அது ஊரின் பெயர். சேரிக்கென்று அந்தக் காகிதத்தில் கட்டமே கிடையாது. சாதிக் கட்டத்தையும் கிராமக் கட்டத்தையும் ஒன்றாக வைத்துப் படித்தால்தான் அந்த இருபது வயதுப் பெண் எந்தப் பக்கம் வாழ்ந்தாள் என்பது தெரியும். சாதிக் கட்டத்தை விட்டுவிட்டுப் படிப்பவர்கள் தவறான தெருவில் போய் மாலை வாங்கிக்கொள்கிறார்கள். தம் கொள்ளுப்பாட்டியை உள்ளேயே விடாத கோயிலுக்கு நன்கொடை கொடுத்துவிட்டு, வேர் கிடைத்தது என்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

"கப்பலில் எல்லாரும் ஒரே அடுப்பில் சமைத்ததைத் தின்றார்கள், சாதி அங்கேயே கடலில் விழுந்தது, அதை ஏன் மறுபடியும் தோண்டுகிறீர்கள்?" என்று முற்போக்குத் தோழர்களே கேட்கிறார்கள். கப்பல் சாதியின் பல கட்டுகளை அறுத்தது உண்மை. அறுத்தவர்கள் அந்த மக்கள்தான். ஆனால் அவர்கள் விட்டுப்போன ஊரில் சாதி விழவில்லையே? கடல் கடந்தவர்கள் தொலைத்ததை, இங்கேயே இருந்தவர்கள் பத்திரமாக வைத்திருந்து, திரும்பி வரும் பேத்தியின் கையில் கொடுக்கிறார்கள். ரோட்டுக்கு அந்தாண்ட கைகாட்டிய அந்தப் பெரியவரிடம் போய்ச் சொல்லுங்கள், சாதி கடலில் விழுந்துவிட்டது என்று.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. சாதிக் கட்டத்தை இவர்கள் மறைப்பதில்லை, அதற்குப் பொட்டு வைத்துப் பூச்சூட்டுகிறார்கள். குலம், கோத்திரம், குலதெய்வம் கண்டுபிடித்துத் தருகிறோம் என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் நாயுடு, பிள்ளை, முதலி, கவுண்டர் என்ற பட்டங்களெல்லாம் இன்று குடும்பப் பெயர்கள். ஆனால் கப்பல் பதிவேட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டமே இல்லை. பெயரும் தகப்பன் பெயரும்தான். பட்டம் பலருக்குப் பின்னால் வந்து ஒட்டியது. சிலர் போன இடத்தில் துணிந்து எடுத்துக்கொண்டார்கள். அதை நான் ஒருநாளும் கேலி செய்ய மாட்டேன். ஒரு பெயரை மாற்றிக்கொண்டதும் முதுகு நிமிர்ந்தது என்றால், குற்றம் பெயரை மாற்றியவர் மேல் இல்லை. ஆனால் அந்தப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, இங்குள்ள சாதிச் சங்க மேடையில் பொன்னாடை வாங்கும் பேரனிடம் கேட்பேன்: உங்கள் தாத்தா தப்பித்த சிறைக்குள் உறுப்பினர் அட்டை வாங்கவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?

அப்படியானால் அந்தக் காகிதம் எதற்குச் சான்று? இரத்தத்துக்குச் சான்று இல்லை. சாதிக் கட்டத்தில் இருப்பது துறைமுகத்து எழுத்தர் காதில் விழுந்தது, அவருக்குப் புரிந்தது, சில நேரம் போகிறவர் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னது. அது வம்சாவளிப் பத்திரமும் இல்லை. ஒருவர் இங்கே வாழ முடியாமல் வெளியேறினார் என்பதற்கான சான்று அது. 1843-இன் ஐந்தாம் சட்டம் அடிமைமுறைக்கு இருந்த சட்ட அங்கீகாரத்தை எடுத்துவிட்டது. கடனும் பண்ணையும் ஆளை விடவில்லை. அந்தப் பெண் கப்பலேறிய மறு ஆண்டு, 1891-இல், பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல், மிராசுதாரரின் தயவில் கடனாளியாகக் கிடந்த வாழ்க்கையை அதில் பதிவு செய்தார். பஞ்சமி நிலம் அதன் பிறகு வந்ததுதான்.

போன இடத்தில் சொர்க்கம் காத்திருக்கவில்லை. ஐந்து ஆண்டு ஒப்பந்தம், கரும்புத் தோட்டம், தோட்டத்தை விட்டு நகர அனுமதிச் சீட்டு. 1895-இல் போட்ட சட்டத்தின்படி, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி. அப்படி இருந்தும் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. கரும்புத் தோட்டத்தைவிட எது மோசமாக இருந்தது என்பதை ஊர் ஒருநாளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அன்று காபி கொடுத்தவர்களும் "எப்பம்மா போனாங்க, எவ்வளவு சம்பாதிச்சாங்க" என்றுதான் கேட்டார்கள். "ஏன் போனாங்க" என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டத்தில் 'பறையர்' என்பதை வெள்ளைக்காரர் எழுத்தில் பார்த்ததும் எனக்குள்ளும் ஒரு துள்ளல். நம்ம ஆளு! காலனிக்குப் போகிற வழியெல்லாம் அந்த மகிழ்ச்சியைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே போனேன். இதுவும் சாதிப் பெருமையா? இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மிதித்த கால் தன் வம்சத்தைக் கொண்டாடுவதும், மிதிபட்ட இருவர் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வதும் ஒன்றல்ல. ஆனால் அந்த அடையாளம் காண்பது 'நம்ம ஆளு' என்பதோடு நின்றுவிட்டால், அதுவும் சாதியிலேயே போய் முடியும். எது இவளைத் துரத்தியது, அது இன்னும் இங்கே இருக்கிறதா என்ற கேள்வி வரைக்கும் அது போக வேண்டும்.

காலனியில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. தெரிய வழியுமில்லை. சொந்த நிலமில்லாதவர்களுக்குப் பத்திரம் ஏது, பட்டா ஏது, கல்வெட்டு ஏது? ஒரு பாட்டி மட்டும் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேளை போய்ட்டாங்க" என்றார். அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் நான் நின்றேன். பிறகு அப்படியே சொன்னேன்.

காகிதம் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணி ஓட்டிப்போனவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஆளுக்கொரு பதிவு இல்லை. 1948-இல் அதே மக்களிடம்தான், உன் அப்பன் இங்கே பிறந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்டு இலங்கை அரசு குடியுரிமையைப் பறித்தது. வேர் தேடுவது ஒருவருக்குச் சுற்றுலா. இன்னொருவருக்கு வேரைக் காட்டு என்பதே தண்டனை.

ஆகவே, அயலகத்திலிருந்து வரும் தோழர்களே, வாருங்கள். சாதிக் கட்டத்தை வெள்ளைப் பூச்சால் அழிக்காதீர்கள், சட்டம் போட்டு மாட்டவும் செய்யாதீர்கள். அதைப் படித்துவிட்டுச் சரியான தெருவுக்கு வாருங்கள். அரசுக்கும் ஒரு கோரிக்கை: கோபுரங்களைக் காட்டும் பயணத்தில் சேரிக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். வருகிறவர்களில் எத்தனையோ பேரின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஊர்க்காரர்களுக்கு ஒன்று. அடுத்த முறை யாராவது அப்படி ஒரு காகிதத்தோடு வந்தால், காபி கொடுப்பதற்கு முன் "ஏன் போனாங்க?" என்று கேளுங்கள். பதில் ரோட்டுக்கு அந்தாண்ட இல்லை. நீங்கள் நாற்காலி போட்டிருக்கும் இடத்திலேயே இருக்கிறது.