இரட்டையரில் பெரிய குழந்தையையும் கவனியுங்கள்

இரட்டைக் குழந்தை பிறந்த வீட்டில் எல்லோருடைய கவலையும் மெலிந்த குழந்தை மேல்தான். "பெரியவனுக்கு என்ன, கொழுகொழுன்னு இருக்கான்" என்று அடுத்ததை விட்டுவிடுகிறார்கள். இது தவறு.

ஒன்று 2.4 கிலோ, இன்னொன்று 1.7 கிலோ என்றால் வித்தியாசம் 700 கிராம். அதாவது பெரிய குழந்தையின் எடையில் 29 சதவீதம். 20-25 சதவீதத்தைத் தாண்டினாலே கவனம் தேவை என்கிறது மருத்துவம்.

மெலிந்த குழந்தைக்கு மூளை வளர்ச்சி பின்தங்கலாம் என்பது பலருக்கும் தெரியும். பெரியதுக்கு வரும் ஆபத்துதான் தெரிவதில்லை. ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கிட்டு வளரும் இரட்டையரின் ரத்தக் குழாய்கள் அதற்குள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். சிறியதின் ரத்த அழுத்தம் திடீரென்று விழுந்தால், பெரியதின் ரத்தம் அந்தப் பக்கம் பாய்ந்துவிடும். அப்போது பெரியதின் மூளைக்கு ரத்தம் போதாமல் போகலாம். சிறியது கருவிலேயே இறந்துவிட்டால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பின்னாளில் இது செரிபிரல் பால்ஸியாக வெளிப்படலாம்.

நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பதை 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நாள் போகப் போகச் சொல்வது கடினம். பிறந்தபின் உச்சிக்குழி வழியாகத் தலையை ஸ்கேன் செய்து பார்க்கலாம். ஊசி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. அதில் ஒன்றும் தெரியாவிட்டாலும் தலை நிற்பது, உட்காருவது, நடப்பது, பேசுவது எல்லாவற்றையும் இரண்டு வயது வரையாவது கவனிக்க வேண்டும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மெலிந்த குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இருவரையும் காட்டுங்கள்.