மலை குடித்த மழை

அன்பு வாசகர்களுக்கு,

மத்தியதரைக் கடல் நாடுகளுக்கென்று ஒரு பயணச் சிறப்பிதழ் என்றதும் என் மேசைக்கு முதலில் வந்தவை கடற்கரைப் படங்கள்தான். நீலக் கடல், வெள்ளைச் சுவர், வரிசையாகக் குடைகள். அத்தனையையும் ஓரமாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். பட ஆசிரியருக்கு என்மேல் இன்னும் வருத்தம் தீரவில்லை. தெற்குப் பிரான்சின் புரொவான்ஸ் நாட்டுப்புறத்தில் ஒரு மலை, அதன் காடு, ஓர் ஊற்று. இந்த மூன்றுக்குத்தான் இதழின் பெரும்பகுதி. போகிறவர்கள் மலையை ஒரு நாள், ஊற்றை ஒரு நாள் என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வழிகாட்டிப் புத்தகங்களும் அவற்றை வேறுவேறு அத்தியாயத்தில் வைத்திருக்கின்றன. உண்மையில் மூன்றையும் கட்டிப் போட்டிருப்பது ஒரே தண்ணீர்.

மலையின் பெயர் மோன் வாந்தூ. உயரம் 1,900 மீட்டருக்குச் சற்று மேல். பக்கத்தில் போட்டிக்கு வேறு மலை இல்லாததால் சமவெளியில் எங்கே நின்றாலும் கண்ணில் படும். ஆடி மாத வெயிலிலும் உச்சி பனி போர்த்தியதுபோல் வெள்ளையாக இருக்கும். கிட்டப் போனால் பனியில்லை, உடைந்து சரிந்து கிடக்கும் சுண்ணாம்புக் கல். சைக்கிள் பந்தயம் பார்க்கிறவர்களுக்கு இந்த மலையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1967 டூர் த பிரான்ஸில் ஆங்கிலேய வீரர் டாம் சிம்ப்சன் உச்சியை நெருங்கும்போது விழுந்து இறந்தது இங்கேதான். அவர் நினைவுக் கல்லின்மீது இன்றும் சைக்கிள்காரர்கள் தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

எனக்கு இந்த மலைமேல் ஈடுபாடு வந்ததற்குக் காரணம் வேறொருவர். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், 1336 ஏப்ரல் 26 அன்று, தம் 31ஆம் வயதில், தம்பி கெரார்தோவோடு இதன்மேல் ஏறினார். வேறு எந்த வேலையும் இல்லை, மேலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வழியில் ஒரு கிழ இடையர் தடுத்தாராம்: ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நானும் ஏறினேன், உடம்பும் துணியும் கிழிந்ததுதான் மிச்சம் என்று. தம்பி செங்குத்தாக ஏறிப் போய்க்கொண்டே இருக்கிறார். கவிஞரோ சுலபமான பாதை தேடித் தேடி மறுபடி பள்ளத்தில் இறங்கி நிற்கிறார். அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார் என்பதால்தான் அந்தக் கடிதம் எனக்குப் பிடிக்கும். மேலே போய் ஆல்ப்ஸ் மலைகளையும் ரோன் ஆற்றையும் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த புனித அகஸ்தீனின் நூலைத் திறந்தால், மலையை வியந்து தன்னை மறக்கும் மனிதர்களைக் கண்டிக்கும் பக்கம் வந்து விழுந்ததாம். இவ்வளவு பொருத்தமாக ஒரு பக்கம் திறக்குமா என்று சந்தேகப்படும் அறிஞர்கள் உண்டு. கடிதம் அன்றிரவே எழுதப்பட்டதல்ல, பல வருஷம் கழித்துச் செதுக்கியது என்பது அவர்கள் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

மறு வருஷம், 1337இல், அதே பெட்ரார்க் ஊர்ச் சந்தடி வேண்டாம் என்று ஓர் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் போய்க் குடியேறினார். வோக்ளூஸ் என்று பெயர். அங்கே செங்குத்துப் பாறையின் அடியிலிருந்து சோர்க் என்ற ஆறு முழு ஆறாகவே பிறக்கிறது. தாம் ஏறி நின்ற மலையில் விழுந்த மழைதான், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பாறைக்குள்ளேயே நடந்து, தம் தோட்டத்தின் ஓரமாக ஓடுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நமக்குத் தெரியும். சுண்ணாம்புக் கல் தண்ணீரைத் தன்மேல் ஓட விடாது. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் அங்கே வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் கல்லின் விரிசலை அரித்து அரித்து, நாளடைவில் குழாயாக்கி, குகையாக்கிவிடுகிறது. மோன் வாந்தூவின் தெற்குச் சரிவு, அதையடுத்த பீடபூமிகள், கிழக்கே லூர் மலை என்று 1,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலம் இப்படி மழையைக் குடித்துவிட்டு மேலே காய்ந்து கிடக்கிறது. ஆல்பியோன் பீடபூமியில் நடந்தால் ஓடை கிடையாது. லாவெண்டர் வயலுக்கு நடுவே திடீரென்று வேலி போட்ட ஒரு துளை இருக்கும். அப்படி ஒரு துளை, ஜான்-நுவோ, 160 மீட்டருக்கும் மேல் நேர்க்குத்தாக இறங்குகிறது. இத்தகைய துளைகளில் சாயம் கரைத்து ஊற்றி, அது வோக்ளூஸில் வெளிவருவதைப் பார்த்துத்தான் நிலத்தடிப் பாதையை உறுதி செய்தார்கள். இதே பாறைக்குள்தான் 1971 முதல் 1996 வரை பிரான்சு தன் அணு ஏவுகணைகளையும் புதைத்து வைத்திருந்தது. இப்போது அவை இல்லை.

ஊற்றைப் பார்க்கப் போகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த மாதம் போகிறோம் என்பதைப் பொறுத்து அது வேறு இடம். வசந்த மழைக்குப் பிறகு போனால் குகை வாய் விளிம்பு வரை நிரம்பி, நுரைத்துக்கொண்டு பாறைகள்மேல் கொட்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. பாறைச் சுவரில், மண்ணே இல்லாத ஒரு வெடிப்பில், ஓர் அத்திமரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளம் பெருகும்போது அதன் வேர் வரை தண்ணீர் வரும். கோடையின் கடைசியில் வந்தாலோ, அதே மரம் தலைக்கு மேலே எங்கோ நிற்கும். தண்ணீர் ஏறத்தாழ 20 மீட்டர் கீழே, கரும்பச்சையாக, அசையாமல் கிடக்கும். ஆறு நின்றுபோனதோ என்றால் இல்லை. கொஞ்சம் கீழே, உருண்டைப் பாறைகளின் இடுக்குகள் வழியாகச் சோர்க் வெளிவந்துகொண்டுதான் இருக்கும். பெருக்குக் காலத்து ஆரவாரத்தைவிட எனக்கு இந்தக் கோடைக் கோலம்தான் பிடிக்கிறது. வாய் திறந்திருக்கும்போதுதானே உள்ளே எட்டிப் பார்க்க முடியும்!

அந்த வாய்க்குள் இறங்கிப் பார்க்கும் ஆசை பழையது. 1878இல் ஒட்டோனெல்லி என்ற மார்சேய் முக்குளிப்பாளர் கனத்த உடையோடு 23 மீட்டர் போனார். 1946இல் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோவும் ஃபிரெடெரிக் துமாவும் இறங்கி, செத்துப் பிழைத்தார்கள். காற்றடைக்கும் இயந்திரம் தான் விட்ட புகையையே இழுத்து உருளைக்குள் அடைத்திருந்தது. நச்சுக் காற்றைச் சுவாசித்தபடி இருட்டில் தடுமாறியிருக்கிறார்கள். கடைசியில் 1985இல் ஒரு ரோபோதான் 308 மீட்டர் ஆழத்தில் மணல் தரையைத் தொட்டது. ஊர் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அந்தத் தரை கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. ஆண்டுக்கு 60 கோடி கன மீட்டருக்கு மேல் தண்ணீர் தரும் இதுதான் பிரான்சின் மிகப் பெரிய ஊற்று. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே குளிர்ச்சி, 13 டிகிரியை ஒட்டி.

காட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கணக்கு முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மோன் வாந்தூ கிட்டத்தட்ட மொட்டை மலை. கப்பல் கட்டவும் கரி மூட்டம் போடவும் மரத்தை வெட்டினார்கள், மிச்சத்தை ஆடு தின்றது. மழை பெய்தால் மண்ணும் கல்லும் ஊருக்குள் வந்தன. 1860இல் மலைகளில் மரம் நட அரசு சட்டம் கொண்டுவந்தது. தெற்கு அடிவாரத்து பெதுவான் ஊரில் வேலை சீக்கிரமே தொடங்கியது. இடையர்களுக்கு மேய்ச்சல் போகிறதே என்று கோபம். அவர்களைச் சமாதானப்படுத்தியதில் காளானுக்கும் பங்குண்டு. ஓக் மரத்தின் வேரோடு நிலத்தடியில் விளையும் ட்ரஃபிள் நல்ல விலைக்குப் போகும். பனிக்கால வெள்ளிக்கிழமைகளில் கார்பன்திரா நகரச் சந்தைக்குப் போனால் அந்த வியாபாரத்தை இன்றும் பார்க்கலாம். வட ஆப்பிரிக்காவின் அட்லஸ் மலையிலிருந்து வந்த தேவதாரு விதைகளும் ஊன்றின. இன்று அடிவாரத்தில் தைம் செடியும் சில்வண்டுக் கூச்சலும், அதற்கு மேல் ஓக், தேவதாரு, பீச், பைன், அப்புறம் வெறும் கல். பூச்சிகளின் வாழ்வை எழுதிய ஃபாபர் இதில் இருபது தடவைக்கு மேல் ஏறினார். உச்சியில் வடதுருவப் பக்கத்துச் செடிகள் பூப்பதைப் பார்த்தார்.

ஓர் எச்சரிக்கை. மரம் நட்டால் ஊற்று பெருகும் என்று புரொவான்ஸ்காரர் ஜான் ஜியோனோ 1953இல் எழுதிய மரம் நடும் மனிதனின் கதையைப் படித்தவர்கள் நம்பியிருப்பீர்கள். அருமையான கதை, ஆனால் கதை. மரமும் தண்ணீர் குடிக்கும். காடு மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது, வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கிறது. ஊற்றின் அளவைக் கூட்டுகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. தண்ணீர் விஷயத்தில் எனக்கு ஜியோனோவைவிட, அவரைப் போலவே 1895இல் பிறந்த மார்செல் பன்யோல்தான் நெருக்கம். அவருடைய ‘மானோன்’ கதையில் பக்கத்து நிலத்து ஊற்றைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டு, அந்தக் குடும்பம் தண்ணீரில்லாமல் அழிவதை இரண்டு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். ஊருக்கும் அரசல்புரசலாகத் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை.

கிளம்புகிறவர்களுக்கு: ஏப்ரல், மே நல்ல மாதங்கள். மிஸ்ட்ரல் என்ற வடகாற்று வீசும் நாளில் உச்சிக்குப் போகாதீர்கள், நிற்கவே முடியாது. கோடையில் காட்டுத்தீ அபாயம் உள்ள நாட்களில் புரொவான்ஸின் பல காடுகளை மூடிவிடுவார்கள், முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் முதலில் மலை, பிறகு பீடபூமி, கடைசியில் ஊற்று என்று தண்ணீர் போகும் வழியிலேயே போங்கள்.

பிரான்சில் இருக்கும் நம் வாசகர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். அவிஞ்ஞோன் நகரிலிருந்து வோக்ளூஸ் ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரம்தான். நீங்கள் போகும் அன்று அத்திமரத்துக்கு எவ்வளவு கீழே தண்ணீர் நின்றது என்று தேதி போட்டு எழுதி அனுப்புங்கள், கைப்பேசிப் படமிருந்தால் இன்னும் நல்லது. பன்னிரண்டு மாதத்துப் படமும் சேர்ந்துவிட்டால் வரிசையாகப் போட்டுவிடலாம். பட ஆசிரியரும் என்னை மன்னித்துவிடுவார்.

அன்புடன்,
ஆசிரியர்