மீன்கண்ணும் செக்‌ஷன் வியூவும்

"டேய் மாப்ள, இதென்னடா பொம்பள? மூஞ்சில பாதி கண்ணாவே இருக்குது!"

லைப்ரரியில் ஓவியப் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது நண்பன் அடித்த கமெண்ட் இது. படம், ஓவியர் கே. ஸ்ரீனிவாசலு வரைந்த கிராமத்துப் பெண். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகுதான் உறுத்தியது.

நண்பர்களே, டிராயிங் ஹாலில் நாம் என்ன செய்கிறோம்? முழுசாக இருக்கும் பேரிங்கைப் பாதியாக வெட்டி, ஹேட்சிங் போட்டு, 'செக்‌ஷன் வியூ' என்கிறோம். ஐசோமெட்ரிக்கில் வட்டத்தை நீள்வட்டமாக்குகிறோம். யாராவது பொய் என்றார்களா? உள்ளே இருப்பதைக் காட்டத்தானே வெளியே இருப்பதை மாற்றுகிறோம்! ஓவியர் செய்தால் மட்டும் சிரிப்பா?

உள்ளது உள்ளபடி வரையத் தெரியாதவர் அல்ல ஸ்ரீனிவாசலு. 1923-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் அவர் படித்தபோது முதல்வர், மெரினா உழைப்பாளர் சிலையை நரம்பு தெரிய வடித்த ராய் சவுத்ரி. அங்கே பயின்றுவிட்டுத்தான் கிராமியக் கலையின் பக்கம் திரும்பினார். வங்கத்தில் ஜாமினி ராயும் (1887–1972) அப்படியே. 1920-களில் ஐரோப்பிய பாணியை விட்டுவிட்டு, காளிகாட் படங்களிடம் பாடம் கற்றார். அந்தப் பெரிய கண்ணும் தடித்த கோடும் தெரியாமல் வந்ததல்ல, தேர்ந்தெடுத்தது.

நமக்கென்ன இது புதுசா? மாரியாத்தாளுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துகிறோமே, கண் பெருசென்று யாராவது சிரித்தோமா?

என் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தோம். நிறத்தைக் கூட்டி, கன்னத்து மச்சத்தை எடுத்துத் தந்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் திருப்தி. அக்கா மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது நானில்லையே..." என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை.

அந்தப் போட்டோவை நிஜம் என்றோம். ஓவியத்தைப் பொய் என்றோம்! ஓவியர் மாற்றியது, தான் கண்டதைக் காட்ட. நாங்கள் மாற்றியது, இருப்பதை மறைக்க. இரண்டும் ஒன்றா?

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-ல் உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் பிறந்தது நம் கோவையில்தான், 1911-ல். அவினாசி ரோட்டில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது. பஸ்ஸில் தாண்டிப் போகிறோமே தவிர, இறங்கியதுண்டா? ஒரு நாள் இறங்கிப் பாருங்கள். புரியாத படத்தின் முன்னால் சிரிப்பு வந்தால் வரட்டும். சிரித்து முடித்ததும் இன்னும் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள்!