குளிர் பழகிப்போச்சாம்!



மார்கழி பிறந்துவிட்டது. கந்தப்பளை, அக்கரப்பத்தனை, டயகம, உடப்புசல்லாவ மலைகளில் விடியற்காலை வாசலில் கால் வைக்க முடியவில்லை. தை மாதத்தில் வானம் வெளித்த இரவுகளில் புல்லின் மேல் பனி வெள்ளையாக உறையும். அதைப் படம் பிடிக்க நுவரெலியாவுக்கு ஆள் வரும். கொழுந்து கருகிவிட்டது என்று கம்பனி நட்டக் கணக்கு எழுதும். லயத்துக்குள் இரவு முழுக்க விறைத்துக் கிடந்த பிள்ளைக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை. கேட்டால் ஒரே பதில்: "அவங்களுக்குக் குளிர் பழகிப்போச்சு."

இது பொய். நம் பாட்டன் பூட்டன்மார் வந்தது திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்து வெயிலிலிருந்து. 200 வருடத்தில் நமக்கு வேறு தோல் முளைக்கவில்லை. வேறு வழியில்லாமல் பொறுத்துக்கொள்வதற்குத்தான் "பழக்கம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

குளிர் பழகுமென்றால் துரை பங்களாவில் கணப்பு எதற்கு? வெள்ளைக்காரன் இந்த மலையில் தனக்கு வீடு கட்டியபோது புகைபோக்கி வைத்தான், சீலிங் அடித்தான். அதே மலையில் நமக்குக் கட்டியது முதுகோடு முதுகு ஒட்டிய, 10க்கு 12 அடிக் காம்பரா. ஒரு கதவு, மேலே வெறும் தகரம். குளிர் என்றால் என்னவென்று தெரிந்தேதான் இப்படிக் கட்டினான். 1972க்குப் பின் தோட்டங்கள் அரசாங்கத்துக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. தகரம் மட்டும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

பெக்டரியைப் பாருங்கள். மழை நாளில் கொழுந்து வாட வேண்டுமென்றால் சூடான காற்று ஊதுகிறார்கள். ஈரத்தில் இலை கெட்டுவிடும் என்று கம்பனிக்குத் தெரியும். அந்த இலையைக் கிள்ளிப் போட்ட அக்கா நனைந்த படங்கைக் காயப்போடுவது பிள்ளைகள் படுக்கும் அதே காம்பராவில், அடுப்புக்கு மேலே.

காம்பரா ஏன் இவ்வளவு குளிர்கிறது என்பதையும் தெரிந்துகொள்வோம். வானம் வெளித்த இரவில் தகரம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு, வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். நம் மூச்சிலும் சமையலிலும் எழும் ஆவி அதன் அடியில் பட்டு நீராகிச் சொட்டும். மழையே இல்லாமல் பாய் நனைவது இதனால்தான். அடுப்புச் சூடு மேலே ஏறி, சுவருக்கும் தகரத்துக்கும் நடுவிலுள்ள சந்து வழியே போய்விடுகிறது. கீழே சிமெந்துத் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சுகிறது. சீலிங் ஒன்று இருந்தால் இதில் பாதித் தொல்லை தீரும்.

சீலிங் இல்லாததால் நாம் நெருப்பை நம்புகிறோம். கவ்வாத்து மலையில் பொறுக்கிய ஈர மிலாறு எரிந்தால் சூட்டைவிடப் புகைதான் அதிகம். நான் படிப்பிக்கும் வகுப்பில் தை மாதக் காலை முதல் பாடம் முழுக்க இருமல் சத்தம். கொப்பித் தாள்கள் ஈரத்தில் ஒட்டிக்கிடக்கும். இரவெல்லாம் இருமிய பிள்ளை மேசையில் தலை வைத்துத் தூங்குகிறது. அதைப் பார்த்து "தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்கிறவர்கள் ஒரு வாரம் லயத்தில் படுத்துவிட்டுப் பேசட்டும்.

இன்றைக்கு நம் கையால் செய்யக்கூடியவை சில உண்டு. வெயில் இருக்கும்போதே படுக்கையை வெளியே காயவைத்து, மாலை நான்கு மணிக்குள் எடுத்துக் கதவைச் சாத்துங்கள். கதவுக்கு அடியில் பழைய சாக்கைச் சுருட்டி வையுங்கள். பாய்க்குக் கீழே மட்டையும் சாக்கும் அடுக்கிப் போடுங்கள். பலகைக் கட்டில் இருந்தால் இன்னும் நல்லது. ஈரத் துணியை முடிந்தவரை இஸ்தோப்பில் காயப்போடுங்கள். ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்: தணல் சட்டியைப் படுக்கும் காம்பராவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். தணலிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்கினவர்கள் எழும்ப மாட்டார்கள். புகை போகும் சந்தையும் அடைக்காதீர்கள்.

ஆனால் தோழர்களே, சாக்கும் மட்டையும் கொண்டு சமாளித்துவிட்டோம் என்று நாம் வாயை மூடினால், அதையே "பழகிப்போச்சு" என்பதற்குச் சாட்சியாக எழுதிக்கொள்வார்கள்.

"புது வீடு வரப்போகிறது, பழைய லயத்தில் காசு போடுவது வீண்" என்று இன்னொரு பதிலும் வருகிறது. கம்பனி அரசாங்கத்தைக் காட்டுகிறது. அரசாங்கம் இந்திய வீட்டுத் திட்டத்தைக் காட்டுகிறது. காணியும் தனி வீடும் நம் உரிமை. அதை ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் வீடு வரும்வரை இந்தத் தகரத்தின் கீழே தூங்கப்போவது நம் பிள்ளைகள்தான். வரப்போகிற வீட்டைக் காட்டி இந்த வருடத்துச் சீலிங்கை மறுக்க யாருக்கும் உரிமை இல்லை.

நாம் கேட்பவை நான்கு:

1. ஒவ்வொரு காம்பராவுக்கும் சீலிங்.
2. ஓட்டைத் தகரங்களை மாற்றுதல்.
3. அடுப்புக்குப் புகைபோக்கி.
4. காய்ந்த விறகு, அதை வைக்க மழை படாத கொட்டில்.

இது தருமம் கேட்பதல்ல. பெக்டரிக் கூரை ஒழுகினால் மறுநாளே தகரம் வருகிறதே, அந்த அக்கறையைத்தான் கேட்கிறோம்.

வருகிற ஞாயிறு ஒவ்வொரு லயத்திலும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், காம்பரா காம்பராவாகப் போய்க் குறிப்பெடுங்கள். எத்தனை தகரம் ஓட்டை, எங்கே சொட்டுகிறது, எத்தனை பிள்ளைகள், யாருக்கு இருமல் என்று எழுதுங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் எழுத உதவுவார்கள். தோட்டத் தலைவர் அதைக் கடிதமாக்கித் துரையிடம் நேரில் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். வாயால் சொன்னதை மறுக்கலாம், கையெழுத்து வைத்ததை மறுக்க முடியாது. பிரதி ஒன்று தொழிற்சங்கக் காரியாலயத்துக்கு வரட்டும். தைப்பொங்கலுக்குள் பதில் இல்லையென்றால், அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே இந்தக் கடிதங்களையும் வைப்போம்.