கண் காட்டிக் கொடுக்கும் சர்க்கரை

எட்டயபுரம் வட்டாரச் சம்சாரிகளில் பலர், பார்வை மங்கினால் கண்ணாடி போட்டால் போதும் என்றே கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அங்கே, "உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது" என்று டாக்டர் சொன்னதும் திகைத்துவிடுகிறார்கள்.

இதில் வியப்பில்லை. உடம்பை அறுக்காமல் ரத்தக் குழாய்களை நேரில் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. சர்க்கரை கூடினால் அக்குழாய்கள் கெட்டுக் கசியும். ஆரம்பத்தில் வலி இராது, பார்வையும் குறையாது. மங்கல் தெரியும்போது நோய் முற்றியிருக்கலாம். லேசர் சிகிச்சை மேலும் கெடாமல் காக்கும்; போன பார்வை முழுதும் திரும்புவது அரிது.

விழித்திரையைப் பார்க்கக் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும். சில மணி நேரம் கண் கூசும், அன்றைய வேலை கெடும் என்று பலர் வேண்டாம் என்கிறார்கள். இது தவறு. களை எடுப்பை நாளைக்குத் தள்ளலாம். கண்ணைத் தள்ள முடியாது. துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுதோறும் இச்சோதனை செய்வது அவசியம்.

மதுரையில் 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பிறந்த மண்ணில், ஒரு நாள் கூலிக்குப் பயந்து எவரும் பார்வையை இழக்கக் கூடாது.