காற்றுச் சுத்திகரிப்பான் – வரமா, சாபமா?

உணவின்றிச் சில வாரங்கள் உயிர் வாழலாம். நீரின்றிச் சில நாள்கள் வாழலாம். காற்றின்றிச் சில நிமிடங்களுக்கு மேல் வாழ இயலாது. குடிநீரை விலைக்கு வாங்கப் பழகிவிட்ட நாம், இன்று தூய காற்றையும் விலைக்கு வாங்க முற்பட்டுவிட்டோம். காற்றுச் சுத்திகரிப்பான் என்னும் கருவி இல்லங்களுக்குள் நுழையத் தொடங்கியுள்ளது.

கவரைப்பேட்டைப் பகுதியில் வாழ்வோருக்கு இக்கருவியின்மீது ஆசை பிறப்பதில் வியப்பில்லை. ஒருபுறம் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஓயாது ஓடும் லாரிகள். மறுபுறம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைகள். வீட்டில் இழுப்பு நோயால் வருந்தும் குழந்தை ஒன்று இருந்தால், பெற்றோர் கடன்பட்டேனும் இதனை வாங்கத் துணிவர். ஆகவே, வாங்குமுன் அதன் தன்மையை அறிவது கடமையாகும்.

இக்கருவிகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. 'ஹெப்பா' வடிகட்டி கொண்டவை காற்றிலுள்ள தூசியைப் பிடித்து நிறுத்துகின்றன. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுக்க வேண்டும் என்பது அவ்வடிகட்டியின் இலக்கணம். வேறு சிலவோ மின்னாற்றலால் அயனிகளை வெளிவிடுகின்றன. அவற்றுள் பல ஓசோனையும் உடன் வெளிவிடுகின்றன. ஓசோனை உண்டாக்குவதற்கென்றே செய்யப்பட்டவையும் உண்டு.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பிராணவாயுவின் அணுக்கள் இரண்டு சேர்ந்தால் நாம் சுவாசிக்கும் வாயு. மூன்று சேர்ந்தால் ஓசோன். வானின் உயரத்தில் அது கதிரவனின் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் காவலன். நாம் மூச்சுவிடும் அறைக்குள் அதுவே பகைவன். தொண்டையை அரிக்கும், இருமலைத் தூண்டும், இழுப்பு நோயை மிகுவிக்கும். தரை துடைக்கும் திரவங்களின் எலுமிச்சை மணத்தோடு வினைபுரிந்து, ஃபார்மால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளையும் மிக நுண்ணிய துகள்களையும் புதிதாக உண்டாக்கும். நோய் தீர்க்க வாங்கிய கருவியே நோயை வளர்ப்பது, வேலியே பயிரை மேய்ந்த கதையன்றோ! தீங்கு செய்யாத அளவில் ஓசோன் காற்றைத் தூய்மையாக்குவதில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. கலிபோர்னியா மாநிலம் 2007ஆம் ஆண்டிலேயே, இக்கருவிகள் வெளிவிடும் ஓசோன் நூறு கோடிப் பங்கில் 50 பங்கைத் தாண்டலாகாது என விதி வகுத்தது.

அப்படியானால் வடிகட்டி உள்ள கருவி போதுமா? முறையாகப் பேணினால் தூசி குறையும் என்பது உண்மை. ஆனால், ஆலைப் புகையில் கலந்துவரும் கந்தக டை ஆக்சைடு போன்ற வாயுக்களைத் துகள் வடிகட்டி தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி வேண்டும்; அதுவும் சில காலத்தில் செயலிழக்கும். உரிய காலத்தில் மாற்றாத வடிகட்டியில், மழைக்காலத்து ஈரம் சேர்ந்தால் பூஞ்சை படரும். கருவியை நம்பிச் சன்னல்களை எந்நேரமும் அடைத்து வைத்தால், அறைக்குள் கரியமிலவாயு பெருகும். உள்ளே கொசுவர்த்தியைக் கொளுத்திவிட்டு மூலையில் கருவியைச் சுழலவிடுவது என்ன அறிவுடைமை?

எனவே, ஓசோனையோ அயனியையோ வெளிவிடும் கருவியை வாங்காதீர்கள். மற்ற வகையை வாங்குவோர், வடிகட்டியை மாற்றும் செலவையும் கணக்கிட்டு வாங்குங்கள்.

இவற்றினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. வசதி படைத்தோர் தம் அறைக்குள் தூய காற்றைத் தேடிக்கொண்டால், ஊர்க்காற்றைப் பற்றிக் கேட்க யார் எஞ்சுவர்? உலைமுன் நிற்கும் தொழிலாளியும், நெடுஞ்சாலையோரம் பூ விற்கும் தாயும் எந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு நடப்பர்? காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. நுண்துகள் 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்னும் தேசியத் தர அளவும் 2009ஆம் ஆண்டு முதல் இருக்கிறது.

நண்பர்களே, வேதியியல் கற்கும் நாம் இக்காற்றை நாள்தோறும் அளந்து குறித்து, ஊரார் அறியச் செய்யலாகாதா? அக்கணக்கைக் கையில் ஏந்தி வாரியத்திடம் கேள்வி கேட்கலாகாதா? வடிகட்டி பொருத்த வேண்டிய இடம் நம் படுக்கையறை அன்று. ஆலையின் புகைபோக்கியே ஆகும்.